மண்ணில்லாமல் பூத்த கதை

மண்ணில்லாமல் செடி வளர்ப்பது என்றதும் பலருக்கும் கீரையும் தக்காளியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வித்தையில் எழுத்தில் பதிவான மிகப் பழைய செடிகளில் ஒன்று ரோஜா. அதுவும் வீட்டுக்குள் வைத்த ரோஜா. இங்கிலாந்தின் பிரான்சிஸ் பேக்கன், கணப்பு மூட்டாத ஓர் அறையில் மண்சட்டி நிறைய நல்ல தண்ணீரை ஊற்றி, வேரோடு எடுத்த டமாஸ்க் ரோஜாச் செடி ஒன்றை அதில் நிற்க வைத்தார். அடிப்பகுதி அரையடி தண்ணீருக்குள், தண்டு இரண்டு அடிக்கு மேல் வெளியே. பத்து நாளில் ஒரு பச்சை இலை விரிந்தது. சில துளிர்களும் எட்டிப் பார்த்தன. 1626இல் அவர் இறந்தபின் வெளிவந்த 'சில்வா சில்வாரம்' என்ற நூலில் இந்தக் குறிப்பு இருக்கிறது. செடிக்கு உணவு தண்ணீர்தான், அதைச் சாயாமல் பிடித்துக்கொள்வதும் வெயில் குளிரிலிருந்து காப்பதும்தான் மண்ணின் வேலை என்று பேக்கன் முடிவுகட்டினார்.

முடிவு தவறுதான். ஆனால் சோதனை அருமையானது. இன்று மேலே எல்.இ.டி. விளக்கும் கீழே தண்ணீர்த் தொட்டியுமாக மேசையில் வைக்கும் அளவுக்குப் பெட்டி விற்கிறார்கள். அதில் பெட்டூனியா விதை போட்டுப் பூக்க வைக்கிறோம். பேக்கனின் சட்டியிலிருந்து இந்தப் பெட்டிக்கு வந்துசேர ஏறத்தாழ 380 ஆண்டுகள் ஆயின. செடிக்குச் சாப்பாடு, வேருக்குக் காற்று, இலைக்கு வெளிச்சம் என்று மூன்றையும் ஓர் அறைக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பூவை நினைத்து அந்த வேலையில் இறங்கியவர்கள் இல்லை.

பாபிலோனின் தொங்கும் தோட்டம், மெக்சிகோவின் சினாம்பா தோட்டங்கள் என்று இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. தொங்கும் தோட்டம் எங்கே இருந்தது என்பதற்கே உறுதியான தடயம் கிடைக்கவில்லை. சினாம்பா என்பது ஏரிச் சேற்றை அள்ளிக் குவித்து எழுப்பிய திட்டு. சேறும் மண்தானே.

உண்மையான முன்னோடியைச் சீனத்தில் பார்க்கலாம். புத்தாண்டுக்கு வீட்டில் நார்சிசஸ் பூத்திருக்க வேண்டும் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். ஆழமில்லாத பீங்கான் தட்டில் கொஞ்சம் கூழாங்கல், தண்ணீர், மேலே ஒரு குமிழ்க்கிழங்கு. சில வாரங்களில் வெள்ளைப் பூக்கள் வீட்டையே மணக்க வைத்துவிடும். இதில் வியப்பு என்னவென்றால், சீனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட இந்தப் பூவின் சொந்த ஊர் மத்தியதரைக் கடல் பக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்களின் வழியாகக் கிழக்கே போய், ஃபூஜியன் மாகாணத்தின் ஜாங்சோ வட்டாரத்தில் பெரிய கிழங்கு வியாபாரமாக வேர்பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன சீனர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். அமெரிக்க விதைக் கடைகள் 'சீனப் புனித லில்லி' என்று பெயர் சூட்டி விற்கத் தொடங்கின. மேற்கிலிருந்து கிழக்கே போன கிழங்கு, பசிபிக்கைத் தாண்டி மறுபடி மேற்கத்தியர் வீட்டு ஜன்னலுக்கு வந்துசேர்ந்துவிட்டது.

ஐரோப்பாவில் அதே வேலையைச் செய்தது ஹயசிந்த். துருக்கி, சிரியா பக்கத்துக் காட்டுப்பூ அது. இஸ்தான்புல் தோட்டங்களில் பெயர் வாங்கி, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து, ஹாலந்தின் ஹார்லெம் நகர விவசாயிகளின் கையில் பணப்பயிராக மாறியது. அதைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வளர்ப்பது பற்றி 1730களில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர்களில் ஒருவர் மார்ட்டின் ட்ரீவால்ட் என்ற ஸ்வீடன்காரர். தோட்டக்கலை அவர் தொழில் அன்று. டானெமோரா இரும்புச் சுரங்கத்தில் ஸ்வீடனின் முதல் நீராவி எந்திரத்தைக் கட்டியவர். சுரங்கத்திலிருந்து தண்ணீரை வெளியேற்றும் வேலையில் இருந்தவர், ஓய்வு நேரத்தில் கிழங்கைத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நாகரிகம் பற்றிக்கொண்டது. பீங்கான் உலகின் பெரும் வியாபாரி ஜோசையா வெட்ஜ்வுட், கிழங்கு வளர்க்கத் தனிப் பாத்திரங்கள் செய்தார். அவருடைய தொழிற்கூடத்தில் முள்ளம்பன்றி வடிவில் குரோக்கஸ் தொட்டிகூட வந்தது. முதுகிலுள்ள ஓட்டைகள் வழியே இலையும் பூவும் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். 1850இல் பர்மிங்ஹாமின் ஜார்ஜ் பியர்சி டை, அடி அகன்ற ஹயசிந்த் குவளை ஒன்றை வடிவப் பதிவு செய்தார். பதிவு செய்தும் பயனில்லை, அதே வடிவில் ஊர் ஊராக நகல்கள் வந்தன. அந்தக் குவளைகளில் ஒன்று கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்தில் ஓர் இடுக்கு, மேலே கிண்ணம். கிழங்கு கிண்ணத்தில் உட்காரும், வேர் மட்டும் கீழே இறங்கும். கிழங்கின் அடி தண்ணீரைத் தொட்டால் அழுகிவிடும் என்பதால் அந்த இடைவெளி. பெரும்பாலும் நீலம், ஊதா, பச்சைக் கண்ணாடி. நிறம் அழகுக்காக வந்திருக்கலாம், ஆனால் வெளிச்சம் குறைவாக உள்ளே போனால் பாசி பிடிப்பதும் குறையும். இன்றைய பெட்டிகளின் தொட்டி கருப்பாக இருப்பதற்கும் அதே காரணம்தான்.

ஆனால் இவ்வளவும் கிழங்கு. விதை எங்கே?

கிழங்கு கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வரும் பயணி. பூப்பதற்கு வேண்டிய மாவும் சர்க்கரையும், பல நேரம் பூவின் கருவும்கூட, போன வருடமே அதற்குள் தயாராகியிருக்கும். தண்ணீர் கிடைத்தால் போதும். விதைக்கு அந்த வசதி கிடையாது. கோயில் திருவிழாவுக்கு இருட்டறையில் வளர்க்கும் முளைப்பாரி, வெளிறிய மஞ்சளாக நெடுநெடுவென்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தானியத்தின் சேமிப்பு அவ்வளவு தூரம்தான் இழுக்கும். அதற்கு மேல் வளர வெளிச்சம் வேண்டும், வேருக்கு உப்புகள் வேண்டும். ஒரு கிராமில் ஏறத்தாழ பத்தாயிரம் அடங்கும் பெட்டூனியா விதைக்கோ சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளவே எதுவும் இல்லை. முளைத்த சில நாட்களிலேயே அது வெளியாரை நம்ப வேண்டும். ஆகவே விதையிலிருந்து தண்ணீரில் பூ வரவேண்டுமென்றால், செடி என்னதான் சாப்பிடுகிறது என்ற கேள்விக்கு முதலில் விடை தெரிந்தாக வேண்டியிருந்தது.

விடை தப்பும் தவறுமாகவே வந்தது. பெல்ஜியத்தின் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது, மண் குறைந்தது சில அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீரின் வேலை என்றார் அவரும். 1648இல், அவரும் இறந்தபின், அது அச்சானது. காற்றிலிருந்து செடி கரியை எடுத்துக்கொள்ளும் என்று அன்று யாருக்கும் தெரியாது. குறைந்த அந்தச் சில அவுன்ஸை அளவைப் பிழை என்று ஒதுக்கினார்கள். உண்மையில் விஷயமே அதில்தான் இருந்தது.

அந்தப் பக்கம் முதலில் திரும்பியவர் ஜான் உட்வர்ட். 1690களில் இவர் எடுத்துக்கொண்ட செடி புதினா. மழைத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர், வடித்த தண்ணீர், தோட்டத்து மண்ணைக் கலக்கிய தண்ணீர் என்று தனித்தனிக் குப்பிகளில் வைத்து எடை பார்த்தார். வடித்த சுத்தமான தண்ணீரில் புதினா நோஞ்சானாகக் கிடந்தது. மண் கலக்கிய தண்ணீரில் மதமதவென்று வளர்ந்தது. தண்ணீர் வெறும் வண்டி, அதில் ஏறி வரும் ஏதோ ஒன்றுதான் உணவு என்று 1699இல் எழுதினார். அந்த 'ஏதோ ஒன்று' எது எது என்று பட்டியல் போட இன்னும் 160 ஆண்டு ஆயிற்று.

பட்டியல் போட்டவர்கள் ஜெர்மானியர்கள். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில், சாக்சனியில் ஜூலியஸ் ஸாக்ஸும் லைப்சிக் பக்கத்தில் வில்ஹெல்ம் க்னோப்பும், சுத்தமான தண்ணீரில் எடை போட்ட உப்புகளைக் கரைத்து, விதையிலிருந்து செடி வளர்த்து, அந்தச் செடியில் மறுபடி விதை எடுத்தார்கள். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், ஒரு சிட்டிகை இரும்பு. இன்று நீங்கள் கடையில் வாங்கும் சத்துக் கரைசல் அந்தக் குடும்பத்து வாரிசுதான்.

அந்தக் கரைசல் ஏன் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வருகிறது? கெட்டியான நிலையில் கால்சியமும் சல்பேட்டும் சந்தித்தால் ஜிப்சமாகி அடியில் வெள்ளை வண்டலாகப் படியும். பாஸ்பேட்டும் அப்படியே. வண்டலானது வேருக்கு எட்டாது. அதனால் கால்சியத்தைத் தனி பாட்டிலில் பிரித்து வைத்து, நிறையத் தண்ணீரில் ஒவ்வொன்றாக ஊற்றுகிறோம். இரும்பு இதைவிடத் தொல்லை கொடுத்தது. கரைசலில் போட்ட சில நாட்களில் துருவாகி இறங்கிவிடும், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போகும். 1951இல் பெர்க்லியில் லூயிஸ் ஜேக்கப்சன், ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளோடு இரும்பைக் கட்டிப்போட்டுக் கரைசலிலேயே நிற்க வைத்தார். யாரும் கொண்டாடாத கண்டுபிடிப்பு. ஆனால் ஒரு தடவை உரம் ஊற்றிவிட்டு இரண்டு வாரம் நிம்மதியாக இருக்க முடிகிறதே, அது இவர் புண்ணியம்.

ஆய்வுக்கூடத்து ஜாடியிலிருந்து இதை ஊருக்குள் இழுத்து வந்தவரும் பெர்க்லிக்காரர்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ரெடரிக் கெரிக், ஜாடியை விட்டுப் பெரிய தொட்டிக்குப் போனார். தொட்டி நிறையச் சத்துத் தண்ணீர், அதன்மேல் கம்பி வலை, வலைமேல் வைக்கோல் மாதிரிப் படுக்கை, அதில் செடி. படுக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவே விட்ட காற்று இடைவெளியில் வேரின் மேற்பகுதி மூச்சு விட்டது. 1929இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவருடைய தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் ஏறின. பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா?

1930களின் அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த நாடு. கொல்லையில் ஒரு தொட்டி வைத்தால் குடும்பம் பிழைத்துவிடும் என்ற பேச்சு பரவியது. சாதாரண உப்புகளைப் பொட்டலம் கட்டிப் பலமடங்கு விலைக்கு விற்றவர்கள் முளைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் வேறொரு சண்டை. இந்த வேலையைச் சொந்த நேரத்தில் செய்தேன் என்று கெரிக் தன் குறிப்புகளைக் கொடுக்க மறுத்தார். கடைசியில் வேலையை விட்டு விலகினார். அவருடைய பெரிய பேச்சுகள் உண்மையா என்று சோதிக்கும் பொறுப்பு டென்னிஸ் ஹோக்லாண்டிடமும் டேனியல் ஆர்னனிடமும் வந்தது. 1938இல் இருவரும் வெளியிட்ட சிற்றேடு, நல்ல மண்ணைவிடத் தண்ணீர் அதிகம் விளைவிப்பதில்லை என்று சொன்னது. கூடவே, யார் வேண்டுமானாலும் கலக்கிக்கொள்ளும்படி கரைசலின் அளவுகளையும் அச்சிட்டது. ஆர்வத்தை அடக்க வந்த ஏடு, ஆர்வலர்களின் கைப்புத்தகமாகவே ஆயிற்று. ஹோக்லாண்ட் கரைசல் இல்லாத தாவர ஆய்வுக்கூடம் இன்று உலகில் அரிது. கெரிக்குக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். உணவைக் கண்டுபிடித்தவர்கள் பலர், வேரின் மூச்சைப் பற்றித் தொட்டி அளவில் யோசித்தவர் அவர்.

அடுத்த சில ஆண்டுகள் இந்தப் பயணம் தீவுகளில் நடந்தது. பசிபிக்கின் நடுவே வேக் தீவில் பான் அமெரிக்கன் விமானங்கள் எரிபொருளுக்காக இறங்கும். பவளப் பாறைத் தீவு, மண் கிடையாது. பயணிகளின் சாப்பாட்டுத் தட்டில் பச்சைக் காய்கறி வைக்க அங்கே தண்ணீர்த் தோட்டம் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவில் அமெரிக்க ராணுவம் சரளைக்கல்லில் காய்கறி வளர்த்தது. போர் முடிந்தபின், 1946இல், டோக்கியோவை அடுத்த சோஃபுவில் 55 ஏக்கரில் பெரிய பண்ணையே எழுந்தது. ஜப்பானிய விவசாயத்தில் மனிதக் கழிவு உரமாகப் பயன்பட்டதால், பச்சையாகச் சாப்பிடும் கீரைகளைத் தன் சிப்பாய்களுக்குக் கொடுக்க அமெரிக்க ராணுவம் அஞ்சியதுதான் காரணம்.

அதே 1946இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இமயமலை அடிவாரத்துக் காலிம்போங்கில், வங்காள அரசின் சோதனைத் தோட்டத்தில், ஜேம்ஸ் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் ஏழை நாட்டுக்கு ஏற்ற முறையைத் தேடினார். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கல்துண்டும் மணலும் கலந்த படுக்கை, மேலே உப்புகளைக் கையால் தூவித் தண்ணீர் தெளிப்பது. அவர் 1951இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே 'பெங்கால் முறை' என்று இருக்கிறது. மொட்டைமாடித் தோட்டம் என்று இன்று நாம் பேசுவதில் பாதியை அவர் அன்றே எழுதிவிட்டார்.

சரி, பூ எங்கே திரும்பி வந்தது? நெதர்லாந்தில். ஒரே மண்ணில் ஆண்டு முழுவதும் ரோஜாவும் ஜெர்பராவும் வளர்த்த கண்ணாடிக்குடில்களில் மண்நோய்கள் பெருகின. மண்ணைச் சுத்தம் செய்ய அடித்த மெத்தில் புரோமைடு வாயு நிலத்தடி நீரைக் கெடுத்தது. மண்ணையே தூக்கி எறிவதுதான் வழி என்று முடிவு செய்தார்கள். டென்மார்க்கில் வீட்டுச் சுவருக்குள் குளிர் தடுக்க வைக்கும் பொருள் ஒன்று இருந்தது. எரிமலைப் பாறையை உருக்கிச் சுழற்றி இழையாக்கிய ராக்வுல். 1960களின் இறுதியில் யாரோ அதில் செடி வைத்துப் பார்த்தார்கள். தண்ணீரையும் காற்றையும் ஒருசேரப் பிடித்துவைக்கும் அதன் குணம் வேருக்குப் பிடித்துப்போயிற்று. கட்டடச் சாமான், பூந்தோட்டமாகிவிட்டது. ஆனால் அது மக்காது. பயன்படுத்தியபின் எங்கே போடுவது?

விடை நம் பக்கத்திலிருந்து போனது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும்போது உதிரும் பழுப்புத் தூளை விக்டோரியா காலத்து ஆங்கிலத் தோட்டக்காரர்கள் 1860களிலேயே தொட்டியில் போட்டிருக்கிறார்கள். பிறகு மறந்தார்கள். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தின் நார் மில்களுக்கு அது பெரும் தலைவலி. மில்லைச் சுற்றி மலையாகக் குவியும். மழை பெய்தால் சாயம்போல் பழுப்புத் தண்ணீர் கசிந்து கிணற்றுக்குப் போகும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைச் சிப்பிக்காளான் வித்து போட்டு மக்கவைத்து உரமாக்கும் முறையைப் பரப்பியது. 1980களின் இறுதியில் ஐரோப்பியக் குடில்கள் அதைத் தேடத் தொடங்கின. இலங்கையும் தமிழ்நாடும் கேரளமும் அனுப்பின. இன்று நார்க்கழிவு என்ற பெயர் பின்னால் போய், கோகோபீட் என்ற பெயரில் 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, கப்பலேறுகிறது.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. தென்னை உப்பைத் தாங்கும் மரம். அதனால் மட்டைத் தூளில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். அப்படியே போட்டால் கரைசலில் இருக்கும் கால்சியத்தைத் தூள் பிடித்துக்கொண்டு சோடியத்தைச் செடிக்குத் தள்ளிவிடும். ஆகவே நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து, மறுபடி அலசித்தான் ஏற்றுமதி செய்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் பூக்கடையில் விற்கும் ஜெர்பரா ஒன்றின் வேர் பொள்ளாச்சித் தேங்காயைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததாக இருக்கலாம். எனக்கு இந்தத் தகவல் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

சாப்பாடு வந்துவிட்டது, காற்றும் வந்துவிட்டது. மீதி வெளிச்சம். இதில் இரண்டு போதைச் செடிகளுக்குப் பங்கு உண்டு.

முதலாவது புகையிலை. 'மேரிலாண்ட் மம்மத்' என்ற ரகம் கோடை முழுக்க ஆளுயரத்துக்கு மேல் வளரும், ஆனால் பூக்காது. 1918இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் இருவரும் சில செடிகளைத் தினமும் சாயங்காலம் இருட்டான சிறு கொட்டகைக்குள் தள்ளி, காலையில் வெளியே எடுத்தார்கள். நீண்ட இரவு என்று செடி ஏமாந்தது, பூத்தது. 1920இல் முடிவை வெளியிட்டார்கள். பகலும் இரவும் எவ்வளவு நீளம் என்பதுதான் பூவின் கடிகாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இரவில் சாமந்தி வயலில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இரவை உடைத்துப் பூவைத் தள்ளிப்போடும் தந்திரம் அது.

இரண்டாவது கஞ்சா. அதுவும் பூவுக்காக வளர்க்கும் செடிதான், அதுவும் நீண்ட இரவைக் கண்டால்தான் பூக்கும். 1970, 80களில் அமெரிக்காவில் போலீசுக்குப் பயந்து அதை வீட்டு அறைக்குள் கொண்டுபோனவர்களுக்குப் பணம் ஒரு பொருட்டில்லை. தெருவிளக்குக்குப் பயன்படும் சோடியம் விளக்குகள், பம்புகள், சத்துக் கரைசல்கள், எல்லாவற்றுக்கும் சந்தை உருவானது. 1989 அக்டோபரில் போதைத் தடுப்புத் துறை 46 மாநிலங்களில் தோட்டச் சாமான் கடைகளைச் சோதனையிட்டது. ஆர்க்கிட் வளர்ப்பவர்களும் தக்காளி வளர்ப்பவர்களும்கூட அதே கடைகளின் வாடிக்கையாளர்கள். சட்டவிரோதப் பயிர் ஒன்று வீட்டுக்குள் தோட்டம் போடும் கருவிகளை மெருகேற்றிக் கொடுத்தது என்பது மறைக்க வேண்டிய செய்தி இல்லை.

சோடியம் விளக்கு அடுப்பாய்ச் சுடும். மேசைமேல் வைக்க முடியாது. அதற்கான விளக்கு விண்வெளி ஆராய்ச்சியில் பிறந்தது. 1980களின் இறுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நாசாவின் ஆதரவோடு ரே பூலா குழுவினர் சிவப்பு எல்.இ.டி.யின் கீழ் செடி வளர்த்தார்கள். நீலம் இல்லாததால் செடிகள் நெடுநெடுவென்று போயின. 1993இல் ஜப்பானின் டோகுஷிமாவில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. 2014இல் அகாசாகி, அமானோவோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கைப்பேசித் திரையும் வீட்டு விளக்கும் பெற்ற அதே வரம் பூச்செடிக்கும் கிடைத்தது.

2016 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் ஒரு படத்தை வெளியிட்டன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆரஞ்சு நிற ஜின்னியா. விண்ணில் மலர்ந்த முதல் பூ என்று பலர் எழுதினார்கள். அது சரியில்லை. 1982இலேயே சோவியத்தின் சல்யூட் 7 நிலையத்தில் அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடி பூத்துவிட்டது. ஆனால் ஜின்னியாவின் கதை சுவையானது. செடிகள் ஈரத்தில் மூழ்கி, இலைகளில் பூஞ்சை பிடித்து, பாதி செத்துக்கொண்டிருந்தன. கீழிருந்து வந்த அட்டவணைப்படி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, செடியின் முகத்தைப் பார்த்து நானே முடிவெடுக்கிறேன் என்று விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி பொறுப்பேற்றார். தரைக் கட்டுப்பாட்டு நிலையமும் சம்மதித்தது. பிழைத்தவை பூத்தன. நம் கொல்லையில் பாட்டிமார் செய்வதைத்தான் 400 கிலோமீட்டர் உயரத்தில் அவர் செய்தார். அந்த மெக்சிகோப் பூவுக்கு வாய்த்த பெயரும் விசித்திரம். 1759இல் 31 வயதில் இறந்த ஜெர்மானியர் ஜின், கோட்டிங்கன் தாவரத் தோட்டத்தை நடத்தினாலும், புகழ்பெற்றது கண்ணின் உடற்கூற்றை எழுதியதால். நம் கண்ணில் லென்ஸைப் பிடித்து நிறுத்தும் இழைகளுக்கும் அவர் பெயர்தான்.

வீட்டுப் பெட்டிக்கு வருவோம். கொலராடோவின் போல்டர் நகரில் 2002இல் தொடங்கிய ஒரு நிறுவனம், 2006இல் ஏரோகார்டன் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விதை பதித்த பஞ்சுக் கட்டி, தண்ணீரைச் சுழற்றும் பம்ப், மேலே விளக்கு. முதலில் குழல்விளக்கு வகை, பின்னர் எல்.இ.டி. துளசி வகைகளோடு பெட்டூனியா விதையும் விற்றார்கள். எல்.இ.டி. மலிந்ததும் சீனத் தொழிற்சாலைகள் விதவிதமாக நகல் செய்தன. இன்று இந்தியாவில் இணையக் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அந்த நகல்களின் வம்சம்.

பெட்டூனியாவும் சும்மா வந்த பூ இல்லை. தென் அமெரிக்காவின் வெள்ளைப் பூ ஒன்று பாரிசுக்கும், ஊதாப் பூ ஒன்று 1831இல் கிளாஸ்கோவுக்கும் வந்து, இரண்டும் கலந்து தோட்டப் பெட்டூனியா பிறந்தது. முன்பெல்லாம் அடுக்குப் பெட்டூனியா விதை போட்டால் பாதி ஒற்றையாகவே பூத்து ஏமாற்றும். 1934இல் யோகோஹாமாவின் சகாட்டா நிறுவனம் எல்லாமே அடுக்காகப் பூக்கும் விதையைக் கொண்டுவந்தபோது, எடைக்கு எடை தங்கத்தைவிட அது விலை போனது. 2015இல் ஹெல்சிங்கி ரயில் நிலையத்துத் தொட்டிகளில் ஆரஞ்சு பெட்டூனியாவைப் பார்த்த தேமு தேரி என்ற தாவர அறிவியலாளருக்குச் சந்தேகம் தட்டியது. பெட்டூனியாவுக்கு அந்த ஆரஞ்சு இயற்கையில் கிடையாது. சோதித்தால், 1987இல் கொலோன் ஆய்வுக்கூடம் மக்காச்சோள மரபணுவைச் செலுத்தி உருவாக்கிய செடியின் வாரிசு! அனுமதியில்லாமல் அது எப்படியோ விதை வியாபாரத்துக்குள் புகுந்து நாடு நாடாகப் பூத்துக்கொண்டிருந்தது. 2017இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவற்றை அழிக்கச் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது மல்லிகை வருமா என்று. வேண்டாம். மல்லிகை பதியத்திலும் குச்சியிலும் பெருகும் செடி, அதற்கு வெயிலும் தரையும்தான் சரி. துலுக்கச் சாமந்தியும் ஜின்னியாவும் வரும், ஆனால் பதினாறு மணிநேர விளக்கில் பூக்கத் தாமதிக்கும். குட்டைப் பெட்டூனியா நீண்ட பகலை விரும்பும் செடி, தொடங்க அதுவே நல்லது. அதன் விதையை மூடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஈரப் பஞ்சின் மேல் வைத்தால் போதும், எட்டுப் பத்து வாரத்தில் பூ பார்க்கலாம். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் உள்ள வீடுகளில் மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றுங்கள். மின்தடை அதிகமுள்ள ஊர் என்றால் தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் வேரின் மேற்பகுதிக்குக் காற்று விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் பழைய கரைசலைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். அதில் இன்னும் சத்து இருக்கிறது. இன்னொரு பங்கு தண்ணீர் சேர்த்து மாடியிலுள்ள செம்பருத்திக்கு ஊற்றுங்கள்.